ஈதர் குடுவை முதல் நுண்குழாய் வரை

நெல்லித்தோப்புச் சந்தையில் வாங்கிய நல்லெண்ணெயில் சிறிதளவைத் தண்ணீரோடு ஒரு சீசாவில் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள். சற்று நேரம் துளித்துளியாகக் கலங்கிவிட்டு, இரண்டும் தனித்தனியே நின்றுவிடும். இரண்டிலும் கரையக்கூடிய பொருள் ஒன்று உள்ளே இருந்தால், தனக்கு உகந்த திரவத்தில்தான் அது மிகுதியாகப் போய்ச் சேரும். கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுத்தல் என்பதன் அடிப்படை இதுவே.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த 1842இல், பிரான்சில் யூஜீன் பெலிகோ என்னும் வேதியியலார், யுரேனியம் நைட்ரேட் ஈதரில் கரைவதைக் கொண்டு அதைத் தூய்மை செய்தார். அதற்கு முந்திய ஆண்டில் யுரேனிய உலோகத்தை முதன்முதலாகப் பிரித்தவரும் அவரே. அன்று அந்த உலோகத்தால் பெரும் பயன் ஏதுமில்லை. அதன் உப்புகள் கண்ணாடிக்கு மஞ்சள் நிறம் ஏற்ற உதவின, அவ்வளவுதான். சரியாக நூறாண்டு கழித்து, 1942இல், சிகாகோவில் எழுந்த முதல் அணு உலைக்கான யுரேனியம் இதே ஈதர் முறையில் தூய்மையாக்கப்பட்டது!

ஈதர் எளிதில் தீப்பற்றும். எனவே பின்னாளில் டிரைபியூட்டைல் பாஸ்பேட் வந்தது. மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்த இது, நைட்ரிக் அமிலக் கரைசலிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் தன்பால் இழுத்துக்கொள்ளும். அணுப்பிளவுக் கழிவுகளில் பெரும்பகுதி அமிலத்திலேயே தங்கிவிடும். டிராம்பேயில் நம் பொறியியலார் அமைத்த நிலையம் 1964இல் இம்முறையில் இயங்கத் தொடங்கியது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கல்பாக்கம். அங்குள்ள வேக ஈனுலை 1985 அக்டோபரில் உயிர்பெற்றது. அதன் எரிபொருள் யுரேனிய, புளூட்டோனியக் கார்பைடு. நெடுநாள் எரிந்த அதன் கதிர்வீச்சு, பிரித்தெடுக்க வந்த கரைப்பானையே சிதைத்துவிடும். சிதைந்த கரைப்பான் வேண்டாததைப் பற்றிக்கொள்ளும், வேண்டியதைக் கொடுக்க மறுக்கும். ஆகவே இரு திரவங்களும் சேர்ந்திருக்கும் நேரத்தைச் சுருக்க வேண்டும். 2003இல் அங்கு இயங்கத் தொடங்கிய 'கோரல்' கூடத்தில், பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் எந்திரத்தைப் போல வேகமாகச் சுழலும் பிரிப்பான்கள் இதற்கு உதவின.

சுழற்றாமலே நேரத்தைச் சுருக்க முடியுமா? முடியும் என்கிறது நுண்குழாய். கரைந்த பொருள் அசையாத நீரில் தானாகப் பரவி 1 மில்லிமீட்டர் கடக்க ஏறத்தாழ 10 நிமிடம் பிடிக்கும். தொலைவைப் பத்தில் ஒன்றாக்கினால் நேரம் நூறில் ஒன்றாகிறது. அதாவது 6 விநாடி! மயிரிழையளவு குழாயில் எண்ணெயும் நீரும் அடுத்தடுத்த சிறு கட்டிகளாக நகர்கின்றன. ஒவ்வொரு கட்டிக்குள்ளும் திரவம் தானே சுழன்று கலக்கிக்கொள்வது கூடுதல் ஆதாயம். இதில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. கதிர்வீச்சுச் சுவருக்குப் பின்னால் பழுதுபார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

2000 வாக்கில் ஜப்பானியர் கண்ணாடிச் சில்லில் செதுக்கிய நுண்வழிகளில் இதைச் செய்து காட்டினர். பின்னர் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தாரும் நுண்குழாய்களில் யுரேனியக் கரைசலைக் கொண்டு சோதித்தனர்.

ஆனால் ஒரு குழாயில் செல்வது சில துளிகளே. ஆலைக்குப் பல குழாய்களை அடுக்க வேண்டும்; எல்லாவற்றிலும் ஓட்டம் ஒரே சீராக இருக்க வேண்டும். எரிந்த எரிபொருளில் கரையாது நிற்கும் துகள்களில் ஒன்று நுழைந்தாலும் வழி அடைபடும். வடிகட்டி எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் இந்த அச்சம் நீங்குவதில்லை.