50 வயதான பிக்கப் உங்கள் கைக்கு வந்துவிட்டதா? முதலில் பார்க்க வேண்டியது என்ஜினை அல்ல

மஹிந்திரா நிறுவனம் 1960களில் எஃப்சி-150 என்ற பிக்கப்பைத் தயாரித்தது. வில்லிஸ் ஜீப்பின் அதே 2.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின்தான், ஆனால் முன்னால் நீளும் பானெட் கிடையாது. இதுபோன்ற பழைய வண்டிகளில் கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லை. அதனால் அடிப்படைப் பராமரிப்பை நீங்களே கற்றுக்கொள்ளலாம். ஆனால் தவறு நடந்தால் எச்சரிக்க டேஷ்போர்டில் விளக்கு எரியாது. எனவே எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பது முக்கியம்.

பிரேக்கை ஏன் முதலில் பார்க்க வேண்டும்?

இன்றைய வண்டிகளில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனி பாதைகளில் போகும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று பிடிக்கும். பழைய ஜீப் ரகங்களில் பெரும்பாலும் ஒரே பாதைதான். ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கிலும் பிரேக் போய்விடும்.

சோதிப்பது சுலபம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பெடலை அழுத்தி 30 விநாடி அப்படியே பிடியுங்கள். மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரிலோ லைனிலோ கசிவு. பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று. சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. மூன்றில் எது இருந்தாலும் வண்டியை ரோட்டில் எடுக்காதீங்க.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்முக்குள் வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ வேண்டாம்.

ஜாக்கி போடும்போது என்ன ஆபத்து?

வில்லிஸ் வழி வந்த பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, பின்பக்க டிரைவ் ஷாஃப்டைப் பிடிக்கும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால் அது தனியே சுழலும், தரையில் இருக்கும் மற்றொன்றும் உருளும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி நகரும். எனவே முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம்.

இ20 பெட்ரோல் பிரச்சினையா?

ஆமாம். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2025இல் எட்டியது. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கெட், கார்புரேட்டர் டயஃப்ரம் ஆகியவற்றை ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீ விபத்துதான். எரிபொருள் ஹோஸ் அத்தனையையும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் டேங்கிலும் கார்புரேட்டரிலும் பெட்ரோலை விட்டுவைக்காதீங்க.

வழக்கமாக என்னென்ன பார்க்கணும்?

ஆயில்: என்ஜின் ஆறியபின் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். அப்படியானால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ரேடியேட்டர்: சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. வெறும் தண்ணீர் துருவைக் கொண்டுவரும், கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

இக்னிஷன்: வண்டி திணறினால் முதலில் பாயின்டைப் பாருங்கள். வில்லிஸ் பெட்ரோல் என்ஜினுக்குப் பாயின்ட் இடைவெளி சுமார் 0.5 மி.மீ., ஸ்பார்க் பிளக்குக்கு சுமார் 0.75 மி.மீ. ஃபீலர் கேஜ் ஒன்று இருந்தால் போதும்.

கிரீஸ்: ஸ்டியரிங் மூட்டுகள், பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிள், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் எல்லாவற்றிலும் நிப்பிள் இருக்கும். முதலில் அழுக்கைத் துடைத்துவிட்டு, புது கிரீஸ் வெளியே எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள்.

டயர்: பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பத்து வயது தாண்டியிருந்தால், பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021இல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத, சொந்த உபயோக வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும், பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்டவோ வாடகைக்கு லோடு ஏற்றவோ முடியாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். டிஸ்க் பிரேக், வேறு என்ஜின் என்று மாற்ற நினைப்பவர்கள் அதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

எதை நீங்களே செய்யக் கூடாது?

மாஸ்டர் சிலிண்டரைப் பிரிப்பது, ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றுவது, டேங்க்கில் வெல்டிங் வைப்பது. இந்த மூன்றும் அனுபவசாலி மெக்கானிக்கின் வேலை. காலியான டேங்க்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும், ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும்.