புள்ளிகளுக்கு அடியில் இருக்கும் படம்

2007 டிசம்பர் 27 அன்று கென்யாவில் தேர்தல் நடந்தது. 30-ஆம் தேதி முடிவு அறிவித்ததுமே நைரோபியிலும் ரிஃப்ட் பள்ளத்தாக்கிலும் வெட்டுக்குத்தும் தீவைப்பும் தொடங்கிவிட்டன. நேரடி ஒளிபரப்புக்கு அரசு தடை போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், பல லட்சம் பேர் வீடிழந்தார்கள். எந்த ஊரில் என்ன நடந்தது என்பதை ஒரு வரைபடத்தில் குறித்து வைக்க யாராவது முன்வருவார்களா என்று வழக்கறிஞர் ஓரி ஒக்கோலோ 2008 ஜனவரி தொடக்கத்தில் இணையத்தில் கேட்டார். எரிக் ஹெர்ஸ்மன், ஜூலியானா ரோடிச், டேவிட் கோபியா ஆகியோர் அவரோடு சேர்ந்தார்கள். சில நாட்களிலேயே 'உஷாஹிதி' என்ற தளம் எழுந்தது. கண்ணால் கண்டவர்கள் செய்தி அனுப்பினார்கள், ஒவ்வொரு செய்தியும் படத்தில் ஒரு புள்ளியானது.

அந்தப் புள்ளிகளைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். அவற்றுக்கு அடியில் கிடந்த படம் யார் யார் கை மாறி வந்தது என்பதை எழுதியவர்கள் குறைவு. மெழுகிய தரை இல்லாமல் கோலம் இல்லை. நெருக்கடிக் கால வரைபடத்திலும் தரை சரியாக இல்லாவிட்டால் புள்ளி எங்கோ போய் விழும், அதை நம்பிப் போகிற மீட்புக் குழுவும் அங்கேயே போய் நிற்கும்.

முதல் தரை கூகுள் வரைபடம். பிற தளங்களும் தன் படத்தைக் காட்ட வழிசெய்யும் வரைபட ஏபிஐயை 2005-இல் கூகுள் திறந்துவிட்டிருந்தது. நாலைந்து நாட்களில் ஒரு தளத்தைக் கட்ட வேண்டியவர்கள் கைக்கு எட்டியதை எடுத்தார்கள், அது நியாயமும்கூட. ஆனால் அந்தப் படத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வன்முறை கடுமையாக நடந்த இடங்களில் ஒன்று கிபேரா, நைரோபியின் பெரிய குடிசைப் பகுதி. இணைய வரைபடங்களில் அந்த இடம் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. 2009 கடைசியில் அங்கேயே வாழும் இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்து, தண்ணீர் பிடிக்கும் இடம், கழிப்பறை, மருந்துக்கடை, பள்ளி என்று ஒவ்வொன்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். அதன் பிறகுதான் கிபேராவுக்கு ஒரு முகம் கிடைத்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

இதற்கிடையே உஷாஹிதி, எவரும் தரவிறக்கித் தன் சர்வரில் நிறுவிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருளாகியிருந்தது. நிறுவியதும் அமைப்புப் பக்கத்தில் ஒரு கேள்வி வரும்: யாருடைய படம் வேண்டும்? கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று பட்டியல் இருந்தது. கூகுள் படத்துக்கு ஒரு சாவி, அதாவது அடையாளக் குறியீடு, வாங்க வேண்டும். அன்றைய சாவி இணைய முகவரியோடு கட்டப்பட்டது. தளத்தை வேறு முகவரிக்கு மாற்றினால் படம் வராது. வெள்ளம் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கும்போது தளம் நிறுவுகிறவர் இந்தப் பட்டியலை ஆற அமரப் படிக்க மாட்டார். முன்னமைவாக எது இருக்கிறதோ அதுவே கடைசிவரை இருக்கும். முன்னமைவைக் குறிக்கும் அந்த ஒரு வரியை எழுதுகிற நிரலாளர், தான் பார்த்தேயிராத ஊர்களுக்கெல்லாம் படத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். 2010 ஆகஸ்டில், நிறுவும் வேலையே இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 'கிரவுட்மேப்' வந்தபோது அந்த வரியின் கனம் இன்னும் கூடியது.

அதற்கு ஏழு மாதம் முன்பே எந்தப் படம் தேவை என்பதை ஹைட்டி காட்டியிருந்தது. 2010 ஜனவரி 12 மாலை, 7.0 அளவு நிலநடுக்கம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் இடிந்து விழுந்தது, லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றிரவே பாஸ்டனிலிருந்து பேட்ரிக் மேயர் என்பவர் ஹைட்டிக்கென ஓர் உஷாஹிதி தளத்தைத் தொடங்கினார். 4636 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்திகள் கிரெயோல் மொழியில் வந்து குவிந்தன, வெளிநாட்டில் வாழும் ஹைட்டியர்கள் அவற்றை மொழிபெயர்த்தார்கள். செய்தியில் அட்சரேகையா இருக்கும்? தெருப்பெயர், தேவாலயம், பக்கத்துப் பள்ளிக்கூடம், அவ்வளவுதான். அந்தத் தெருவைப் படத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது பனி கொட்டும் பாஸ்டனில் உட்கார்ந்திருந்த மாணவர்கள். இணையத்திலிருந்த படங்களிலோ பல தெருக்கள் இல்லை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் முதல் நாள் அதே நிலைதான், முக்கியச் சாலைகள் சிலவே இருந்தன. ஆனால் அங்கே திருத்தலாம். ஜியோஐ, டிஜிட்டல்குளோப் நிறுவனங்கள் செயற்கைக்கோள் படங்களைத் திறந்துவிட்டன. உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் அவற்றைப் பார்த்துப் பார்த்துச் சாலைகளையும் இடிந்த கட்டடங்களையும் முகாம்களையும் வரைந்தார்கள். ஒரு மாதத்துக்குள் 600 பேருக்கும் மேல் கைகொடுத்தார்கள். காலையில் இல்லாத தெரு மாலையில் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், இத்தகைய பணிக்கான மனிதநேய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழு முறையான அமைப்பாகப் பதிவானது.

அடுத்து வந்த ஆண்டுகளில் இலவசப் படங்களின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிய கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2011 செப்டம்பரில் யாகூ தன் வரைபட ஏபிஐயை நிறுத்தியது. அடுத்த மாதமே கூகுள், நாளுக்கு 25,000 முறைக்கு மேல் படம் திறந்தால் கட்டணம் என்று அறிவித்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை வைத்து இலவசப் படம் தந்துவந்த மேப்குவெஸ்ட் 2016 ஜூலையில் அதை நிறுத்திக்கொண்டது. 2018-இல் கூகுள், கடன் அட்டை எண் கொடுக்காமல் படம் இல்லை என்றது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளங்கள் திடீரென்று சாம்பல் நிறமாயின. நிறுவனங்களைக் குறை சொல்வதில் பயனில்லை, சர்வர் ஓட்டக் காசு வேண்டும். ஆனால் பேரிடர் நடக்கும் நாளில்தான் பார்வையாளர் கூட்டம் மொய்க்கும். இலவச வரம்பு தாண்டுவதும் அதே நாளில்தான்.

அப்படியானால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சொந்தச் சர்வரையே முன்னமைவாக வைத்துவிடலாமா? கூடாது. இந்தப் படங்கள் 256 பிக்சல் சதுரத் துண்டுகளாக, அதாவது டைல்களாக வருகின்றன. உருப்பெருக்கம் ஒரு படி ஏறினால் துண்டுகள் நான்கு மடங்காகும். பதினெட்டாம் படியில் உலகம் முழுவதும் சேர்த்து 6,800 கோடிக்கும் அதிகம். நன்கொடையில் ஓடும் அந்தச் சர்வர் பெருங்கூட்டத்துக்கானது அல்ல. சுமை கூடினால் முன்னறிவிப்பின்றித் தடுப்போம் என்று அதை நடத்துபவர்களின் விதியே சொல்கிறது. டைல் முகவரியை மென்பொருளுக்குள் புதைத்து வைக்காமல் எளிதில் மாற்றும்படி வைக்கச் சொல்வதும் அவர்கள்தான். தரவு எல்லோருக்கும் சொந்தம், அதைப் படமாக்கிப் பரிமாறும் வேலைக்கு வேறு ஆள் வேண்டும்.

உஷாஹிதியின் மூன்றாம் பதிப்பு கீவ் நகரத்து நிரலாளர் வொலோதிமிர் அகாஃபோன்கின் எழுதிய 'லீஃப்லெட்' என்ற வரைபட நிரலகத்துக்கு மாறியது. மேப்பாக்ஸ் நிறுவனத்தின் தெருப்படமும் செயற்கைக்கோள் படமும் பட்டியலில் சேர்ந்தன. கூடவே மனிதநேயக் குழுவின் படமும் இடம்பெற்றது. குடிநீர்க் குழாய், மருத்துவமனை, தங்குமிடம் ஆகியவற்றை எடுத்துக்காட்டும் அந்தப் பாணிப் படத்தைப் பிரான்ஸ் நாட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்களின் சர்வர் தருகிறது.

யார் படம் தருகிறார் என்பதில் காசு மட்டும் பிரச்சினை இல்லை. படம் தருகிறவருக்கு ஒவ்வொரு டைல் கோரிக்கையோடும் பார்ப்பவரின் ஐபி முகவரியும் போகிறது. யார் எந்தத் தெருவை உற்றுப் பார்த்தார் என்பது அவருக்குத் தெரியும். சிரியாவின் படுகொலைகளை உஷாஹிதியில் குறித்தவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. எல்லைக்கோடும் சாதாரண விஷயம் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் களத்தில் யார் கட்டுப்பாடு நிலவுகிறது என்பதைப் பார்த்துக் காஷ்மீர் எல்லையை வரைகிறது. அதை அப்படியே இந்தியாவில் வெளியிட்டால் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறைத் தண்டனைகூடக் கிடைக்கலாம்.

இத்தனை பயணத்தையும் பார்த்த பிறகு என் முடிவு இது: முன்னமைவாக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் உருவான, பொதுநல அமைப்பு தரும் படம் இருக்க வேண்டும். ஒன்று விழுந்தால் தானாக வருவதற்கு இரண்டாவது ஒன்று தயாராக இருக்க வேண்டும். கட்டணப் படம் பட்டியலில் இருக்கட்டும், முதலிடத்தில் வேண்டாம். பாதிக்கப்பட்டவரே திருத்த முடியாத படத்தைப் பாதிக்கப்பட்டவர் தலையில் கட்டக் கூடாது.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே தொட்டுக் காட்டிய வரைபடமும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவின் மேல்தான் நின்றது. யாரோ முன்பே தெருவை வரைந்து வைத்திருந்ததால்தான் தொட ஒரு தெரு இருந்தது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் தெருவும், ஏரிக்கரையும், பக்கத்துப் பள்ளிக்கூடமும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.