மலைநாட்டு வாக்குரிமையும் தன்னல அரசியலும்

ஆட்சிபீடத்திலிருப்போர் தம் ஆசனங்களை எண்ணிச் சட்டமியற்றுவராயின், அதன் சுமையைத் தலைமுறைகள் தாங்க நேரும். அவிசாவளை, நாவலப்பிட்டிப் பாதைகள் கூடும் கினிகத்தேனை முதல் நுவரெலியா வரை பரந்துள்ள தேயிலை மலைகளின் வரலாறே இதற்குச் சான்று.

அம்மலைகளில் உழைத்த தமிழருட் பலர் 1931 முதல் வாக்களித்து வந்தவர்கள். அவ்வாண்டிலேயே அட்டன் தொகுதியின் பெரி. சுந்தரம் அமைச்சருமானார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. வேறு பல தொகுதிகளில் தொழிலாளர் வாக்கு இடதுசாரி வேட்பாளர்பாற் சென்றது. 95 தொகுதிகளில் 42ஐ மட்டுமே பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி இக்கணக்கை மறந்திலது. மறுவருடமே பிரசாவுரிமைச் சட்டம் பிறந்தது. தந்தையார் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று காட்டுக என்றது சட்டம். லயத்திற் பிறந்து லயத்தில் மடிந்தோரின் மக்கள் அச்சான்றுக்கு எங்கே செல்வர்? 1949இல் வந்த இன்னொரு சட்டம் விண்ணப்பிக்க வழி திறந்ததெனினும், விண்ணப்பித்தோரிற் பெரும்பாலார் நிராகரிக்கப்பட்டனர். அவ்வாண்டுத் தேர்தற் சட்டத்திருத்தம் பிரசைகளல்லாதாரின் வாக்கையும் பறித்தது.

இதனினும் நுட்பமான அநீதி ஒன்றுண்டு. தேர்தற்றொகுதிகள் வாக்காளர் தொகைகொண்டன்றி, மக்கட்டொகைகொண்டே வகுக்கப்பட்டன. ஆகவே வாக்கிழந்தோரின் தலைகள் தொகுதிக் கணக்கிற் சேர்ந்தன; குரல் சேரவில்லை. அவர்கள் பொருட்டு அமைந்த ஆசனங்களைப் பிறர் வாக்குகளே நிரப்பின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவரேனும் தெரிவாகவில்லை.

தன்னலம் ஓரினத்தார்க்கே உரியதென்று கூறுதல் நடுநிலையாகாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த ஜீ. ஜீ. பொன்னம்பலம், அமைச்சரான பின்னர் அடுத்த சட்டத்தை ஆதரித்தார். அதனை ஏற்காத எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து சென்று, 1949 டிசம்பரிற் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

வாக்கில்லாதாரைத் தேடிவரும் அரசியல்வாதி யாவர்? தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே அரசாங்கத்தின் பொறுப்பில் வரத் தொடங்கின. 1964 ஒக்டோபரிற் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 மக்களைப் பொருளெனப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேர் பின்னொருகாற் பேசித் தீர்ப்பதற்கென ஒதுக்கப்பட்டு, 1974இற் செம்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். எவரும் அவர்களின் விருப்பத்தை முன்னர் வினவவில்லை. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற புகைவண்டியை மலைநாட்டார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல், ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே, நிறைவேறியது.