கரையேற்றிய கலம்: தமிழ்க் கடலோரங்களில் ஓய்வுக்காலப் படகுப் பேணல்

தமிழரின் கடலியல் வரலாறு பெரும்பாலும் புறப்படும் கலங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. துறைமுகங்கள், ஏற்றுமதிப் பண்டங்கள், சோழர் கடற்படையெடுப்புகள் ஆகியன பற்றி நூல்கள் பல உள. ஆயின் எந்த மரக்கலமும் ஆண்டு முழுவதும் கடலில் இருந்ததில்லை. வெப்பமும் ஈரமும் மிக்க நம் கரைகளில், தொழிலற்ற மாதங்களில் அது எவ்வாறு வைத்துக் காக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினா எனக்கு நூலகத்தில் தோன்றவில்லை. பாரிஸின் லா ஷப்பல் பகுதித் தமிழ்க் கடைகளிலிருந்து நடக்கும் தொலைவில் லா வில்லெத் நீர்த்தேக்கம் உள்ளது. ஒரு குளிர்காலப் பிற்பகலில், அங்கே இறுக மூடிக் கட்டியிருந்த படகொன்றைக் கண்ட வடமராட்சி முதியவர் ஒருவர், “இப்பிடி மூடினால் எங்கட ஊரில மாரி முடியேக்கை மரம் மிஞ்சாது” என்றார். இங்கே அஞ்சப்படுவது உறைபனி. அங்கே அஞ்சப்பட்டது வேறு.

அவர் கூற்றுக்கு வலுவான அடிப்படை உண்டு. கப்பற்புழு என்று நாம் அழைப்பது உண்மையில் புழுவன்று. சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. வெதுவெதுப்பான உப்புநீரில் மரத்தைத் துளைத்து வாழும் அவ்வுயிர், மரம் நன்கு உலர்ந்தால் மடிந்துவிடும். ஆகவே கரையேற்றுதலே முதல் மருந்து. ஆனால் கரையில் மழைநீர் காத்திருக்கிறது. கடலுப்பு பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும். மழைநீர் அதனை வளர்க்கும். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைக் கடந்து நீடிக்குமாயின் உளுத்தலுக்கு வழி திறக்கிறது. மழைக்கு அஞ்சி இறுக மூடினால் உள்ளே புழுக்கம் தங்கும். மூடாது விட்டால் வெயிலில் பலகை சுருங்கி இணைப்புகள் வாய்திறக்கும். மணலில் நேரே கிடத்தினால் கறையான் ஏறும். ஒரு பகையைத் தடுக்கும் செயலே மற்றொன்றை அழைக்கும் நிலையில், நம் மீனவர் கையாண்டது ஒருவகைச் சமன்பாடு எனலாம்.

இச்சமன்பாடு சில கலங்களின் அமைப்பிலேயே உள்ளது. கட்டுமரத்தை எளிமையான, தொன்மையான மிதவை என்று மட்டும் வகைப்படுத்துவது வழக்கம். கரைக்கு வந்ததும் அதன் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவர். நீர் குடித்த மரம் கனத்துவிடும் என்பது உடனடிக் காரணம். புழு தங்காமை அதன் உடன்பயன். கட்டிப் பூட்டாமல் அவிழ்க்கத்தக்கதாக அமைத்தமை, என் கருத்தில், பேணலையும் உட்கொண்ட வடிவமைப்பு. சோழமண்டலக் கரையின் சலங்குக்கும் இது பொருந்தும். ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட அக்கலத்தின் தையலைப் பிரித்து, பலகையை உலர்த்தி, கெட்டதை மாற்றி, மீண்டும் தைக்க இயலும்.

சலங்கு என்னும் சொல் பிரெஞ்சில் ‘ஷெலேங்’ ஆயிற்று. அக்கலத்தையும் கட்டுமரத்தையும் அளந்து வரைந்தவருள் தலையாயவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பிரான்சுவா எத்மோன் பாரி (1806–1893). ‘ஃபவோரித்’ கப்பலின் உலகப் பயணத்தில் கலந்துகொண்ட அவர், ஐரோப்பியர் அல்லாதாரின் கப்பற்கட்டுமானம் பற்றிய பெருநூலை 1840களின் தொடக்கத்தில் பாரிஸில் வெளியிட்டார். 1871 முதல் லூவ்ரில் இருந்த கடல்சார் அருங்காட்சியகத்தின் காப்பாளராகவும் விளங்கினார். அவருக்கு நாம் பெரிதும் கடன்பட்டுள்ளோம். எனினும் வரைபடம் கலத்தின் உருவை அளந்து தரும். அதன் ஆண்டுச் சுழற்சியைத் தராது. 1920இல் இந்தியப் படகு வடிவங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெலின் நோக்கமும் வகைமையும் தோற்றமுமே.

ஐரோப்பியக் கப்பல்களுக்கு இச்சுழற்சி பெரும் இழப்பின் வழியாகவே உணர்த்தப்பட்டது. 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே நின்ற லா பூர்தொனேயின் கப்பல்கள் புயலில் சிதைந்தன. வாடைக்காற்று தொடங்குமுன் பெருங்கப்பல்கள் திருகோணமலைக்கோ பம்பாய்க்கோ விலக வேண்டியிருந்தது. சிறுகலங்களுக்கு அத்தேவையில்லை, அவற்றைக் கரையில் இழுத்து ஏற்றினர்.

ஏற்றிய வள்ளத்துக்குச் செய்தவற்றை லா ஷப்பலில் என்னோடு உரையாடிய முதியோர் ஒருமித்தே விவரித்தனர். உட்புறத்தைக் கடல்நீரால் கழுவுவர், நன்னீரால் அன்று. பனங்குற்றிகளின்மேல் அணியம் சற்று உயருமாறு இருத்தி, அடித்துளையின் அடைப்பைப் பிடுங்கிவிடுவர். வெளிப்புறத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவர். அதன் நாற்றத்தை நினைவுகூர்ந்தபோது அனைவரும் சிரித்தனர். பின்னர் கிடுகால் கூரைபோல் வேய்வர். கிடுகு மரத்தில் படலாகாது. மாரி கழிந்ததும் இணைப்புகளில் கலப்பத்துப் பார்த்து, மரம் ஊறி வாய்மூடிய பின்னரே கடலுக்கு விடுவர்.

கலப்பத்து என்பதைக் ‘கலம்’, ‘பத்து’ எனப் பிரித்துப் பொருள் காண முனைவது தவறு. போர்த்துக்கேயர் வழியாக வந்த சொல் அது. பிரெஞ்சின் ‘கல்ஃபத்தே’ அதன் உறவு. ஆனால் சொல் வந்த காலம் தொழில் தொடங்கிய காலமாகாது. நற்றிணை 315ஆம் பாடலில் அம்மூவனார் மூத்துச் சிதைந்த அம்பியொன்றைக் காட்டுகிறார். தளர்ந்த எருதை உழவர் புல்லுள்ள தோப்பில் விடுவதுபோல், மணமுள்ள புகை கொடாது, அதனைப் புன்னை நிழலில் கட்டிவைக்கின்றனர். முதிர்ந்த கலத்துக்குப் புகை மறுக்கப்பட்டது எனின், தொழில்புரியும் கலத்துக்குப் புகை தரப்பட்டது என்பது பெறப்படும். அதனை வழிபாட்டுப் புகை என்று கொள்வது இயல்பே. மணமுடைமை அதற்குச் சான்று. எனினும் கலத்தின் அடியைத் தீயாலும் புகையாலும் தூய்மை செய்வது மரக்கல நாகரிகங்கள் பலவற்றில் காணும் வழக்கம். வழிபாடும் பேணலும் அன்று ஒரே செயலாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம், உறுதி கூறேன்.

இவ்வறிவு இன்று பயனிழந்து வருகிறது. காரைநகரில் நோர்வே உதவியோடு எழுந்த சீநோர் நிறுவனம் கண்ணாடியிழைப் படகுகளை யாழ்ப்பாணத்தில் பரப்பியது. போர்க்காலக் கடல்தடையில், பார்ப்பாரின்றிக் கரையில் கிடந்த மரவள்ளங்கள் உளுத்தன. 2004 டிசம்பர் 26 அன்று கரையே பாதுகாப்பற்றதாயிற்று. பின்னர் உதவியாக வந்தவற்றுள் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகளே. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையிலோ, விசைப்படகுகளின் ஓய்வு இப்போது அரசாணைப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அமைகிறது. மீன்வளம் கருதிய அத்தடையில் படகு பழுதுபார்க்கப்படுவது மழையிலன்று, கடுங்கோடையில். பழைய முறையின் தருக்கம் அங்கே தலைகீழாகிறது.

எஞ்சியிருப்பது சொற்களும் அளவுகளும். அவற்றை அறிந்தோர் எழுபதைக் கடந்தவர்கள். பலர் யாழ்ப்பாணத்தில் இல்லை, பாரிஸிலும் டொரொன்டோவிலும் இருக்கின்றனர். கிடுகுக்கும் மரத்துக்கும் இடையே எவ்வளவு வெளி விடவேண்டும் என்று அம்முதியவரிடம் கேட்டேன். அவர் எண் எதுவும் சொல்லவில்லை. முழங்கைவரை கையை நீட்டி, விரல்களை விரித்து, உள்ளே துழாவிப் பார்ப்பதுபோல் மெல்ல அசைத்துக் காட்டினார்.