ஜெயிச்சா மேல வரலாம், ஆனா நீங்க வரக்கூடாது: ரியோவின் இரண்டாம் டிவிஷன் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

பிரேசில் கால்பந்துன்னு சொன்னா உடனே ஞாபகத்துக்கு வர்றது மஞ்சள் ஜெர்சி, பெலே, ரொனால்டோ, நெய்மர். இன்னைக்கு நாம அந்தப் பக்கம் போகல. 1922ஆம் வருஷத்துக்கு, ரியோ டி ஜெனீரோ நகர லீக்கோட இரண்டாம் அடுக்குக்குப் போறோம். பத்திரிகையில ஓரமா நாலு வரி வந்தாலே பெரிசு என்கிற மாதிரியான இடம்.

அங்கே ஜெயித்து மேலே வந்த ஓர் அணி, அடுத்த வருஷமே முதல் டிவிஷன் பட்டத்தையும் வென்றது. அதற்கு அடுத்த வருஷம், நகரத்தின் பெரிய கிளப்புகள் அந்த லீக்கை விட்டே வெளியேறி, தங்களுக்கென்று புதிதாக ஒரு லீக் தொடங்கின. ஏன்? அதுதான் இன்றைய எபிசோட்.

மாநில லீக் என்றால் என்ன?

பிரேசில் ரொம்பப் பெரிய நாடு. விமானப் பயணம் சாதாரணமாகும்வரை நாடு முழுக்க ஒரே லீக் நடத்துவது நடக்கிற காரியமாக இல்லை. அதனால் கால்பந்து ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக வளர்ந்தது. சாவ் பாவ்லோ சாம்பியன்ஷிப் 1902இல் தொடங்கியது. ரியோவுடையது 1906இல். தேசிய அளவிலான கோப்பைப் போட்டி 1959இல்தான் வந்தது. இன்று நமக்குத் தெரிந்த பிரேசில் லீக் 1971இல்தான் ஆரம்பித்தது. ஆக, அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு கிளப்புக்கு அதன் மாநில லீக்தான் உலகம். அந்த லீக்குக்குக் கீழே இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன். கீழே ஜெயித்தால் மேலே போகலாம். இந்த ஒரு வாக்குறுதியை நம்பித்தான் கீழ் அடுக்கில் ஆடுகிற அத்தனை பேரும் ஓடுகிறார்கள். இதை மனசுல வச்சுக்கோங்க.

ரியோவில் மேல் அடுக்கு யாருடையது? ஃபுளுமினென்சே, பொட்டாஃபோகோ, ஃபிளமெங்கோ, அமெரிக்கா. வசதியான குடும்பத்துப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், வக்கீல்கள், டாக்டர்கள். கால்பந்தை இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு நாகரிகமாகப் பார்த்தார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆடுவது கேவலம். அமெச்சூர் என்பது வெறும் விதி இல்லை, அது ஓர் அந்தஸ்து. யோசிச்சுப் பாருங்க: வேலைக்குப் போகாமல் பயிற்சி செய்ய முடிந்தவனால்தான் காசு வாங்காமல் ஆட முடியும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே 13 அன்று. நாம் பேசுகிற காலத்துக்கு வெறும் 35 வருஷம் முன்னால்.

படகு கிளப் கால்பந்துக்கு வந்தது

நம்ம கதையின் அணி வாஸ்கோ ட காமா. ஆமா, அதே பேர்தான். 1898இல் ரியோவில் வாழ்ந்த போர்ச்சுகீசியர்கள் சேர்ந்து ஒரு படகோட்டும் கிளப் தொடங்கினார்கள். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சரியாக 400 வருஷம் ஆனதால் அந்தப் பெயரை வைத்தார்கள். நமக்கு அந்தப் பெயர் வேறு ஞாபகங்களைக் கொண்டுவரும். ரியோவில் அது கடை வைத்துப் பிழைத்த குடியேறிகளின் பெருமையாக இருந்தது. அந்தக் கிளப் 1904இலேயே கலப்பினத்தவரான காந்திதோ ஜோசே டி அராவ்ஜோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

வாஸ்கோ கால்பந்துக்கு வந்தது தாமதமாக. 1916இல் மூன்றாம் டிவிஷனில் முதல் ஆட்டம். 10க்கு 1 என்று தோற்றார்கள். அங்கிருந்து மெதுவாக ஏறி, 1922இல் முதல் டிவிஷனின் 'பி' பிரிவு என்று அழைக்கப்பட்ட இரண்டாம் அடுக்கில் பட்டம் வென்றார்கள். 1923இல் பெரிய கிளப்புகளோடு மோத வந்தார்கள்.

வந்தவர்கள் யார்? கோல்கீப்பர் நெல்சன் ட கொன்செய்சாவ் கறுப்பினத்தவர், டாக்ஸி டிரைவர். சேசி சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். நிக்கோலினோ துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். பொலாவ் லாரி ஓட்டுபவர். கறுப்பினத்தவர், கலப்பினத்தவர், ஏழை வெள்ளையர் எல்லாரும் ஒரே அணியில். நகரத்தின் புறப்பகுதி மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

பயிற்சியாளர் உருகுவேக்காரர் ரமோன் பிளாத்தெரோ. அவர் இவர்களை ஓட வைத்தார். ஓட ஓட ஓட வைத்தார். மற்ற அணிகள் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது வாஸ்கோ அப்போதுதான் ஆட்டத்தையே ஆரம்பிக்கும். அந்த சீசன் முழுக்க அவர்கள் தோற்றது ஒரே ஓர் ஆட்டம், ஃபிளமெங்கோவிடம் 3க்கு 2. கறுப்பு ஜெர்சி போட்ட அந்த அணியை இன்றும் 'கறுப்புச் சட்டைகள்' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டாம் அடுக்கிலிருந்து வந்த முதல் வருஷமே சாம்பியன்.

சரி, அமெச்சூர் விதி இருக்கே, இவங்க எப்படி தினமும் பயிற்சி பண்ணாங்க? போர்ச்சுகீசியக் கடை முதலாளிகள் ஆட்டக்காரர்களைத் தங்கள் கடையில் வேலை செய்பவர்களாகப் பதிவு செய்துகொண்டார்கள். ஜெயித்தால் கொஞ்சம் பணமும் உண்டு. அதைச் 'சம்பளம்' என்று சொல்ல முடியாதே? அதனால் பிரேசிலின் விலங்கு லாட்டரியிலிருந்து பெயர் எடுத்தார்கள். ஐந்து மில்-ரெய்ஸ் என்றால் 'நாய்', பத்து என்றால் 'முயல்'. போர்ச்சுகீசிய மொழியில் விலங்குக்கு 'பிஷோ' என்று பெயர். பிரேசிலில் இன்றும் வெற்றிக்குக் கொடுக்கிற போனஸை 'பிஷோ' என்றுதான் சொல்வார்கள்.

கையெழுத்து போடத் தெரியுமா?

தோற்ற கிளப்புகள் என்ன செய்தன? 'கறுப்பர்கள் ஆடக்கூடாது' என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த மாதிரி நேரடியான தடை முன்பு ஒருமுறை வந்திருந்தது. 1907இல் ரியோ லீக் கறுப்பினத்தவரைப் பதிவு செய்ய மறுத்தபோது, பாங்கு என்ற நெசவாலைக் கிளப் லீக்கை விட்டே வெளியேறியது. அந்த பாங்கு அணியில் 1905இலேயே ஃபிரான்சிஸ்கோ கர்ரேகால் என்ற கறுப்பின நெசவாளர் ஆடியிருந்தார். ஆக, கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்த முதல் கிளப் வாஸ்கோ இல்லை. இதைச் சொல்லியே ஆகணும், ஏன்னா வாஸ்கோ ரசிகர்கள் சில சமயம் மறந்துடுவாங்க.

1920களில் தடை வேறு உருவத்தில் வந்தது. ஆட்டத்துக்கு முன்னால் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். என்ன வேலை பார்க்கிறாய், யார் சம்பளம் தருகிறார்கள் என்று விசாரிக்க ஒரு குழு. எந்த விதியிலும் நிறம் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் முன்புவரை அடிமை முறை இருந்த நாட்டில், எழுதப் படிக்கத் தெரியாத ஆட்டக்காரர் யாராக இருப்பார்?

இது கால்பந்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. அன்றைய பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டுரிமையே கிடையாது. அது திரும்பக் கிடைத்தது 1985இல். லீக்கின் விதி, நாட்டின் விதியைப் பார்த்துக் காப்பி அடித்ததுதான்.

வாஸ்கோ தன் ஆட்டக்காரர்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது என்று பத்திரிகையாளர் மாரியோ ஃபில்யோ 1947இல் வெளியிட்ட, பிரேசில் கால்பந்தில் கறுப்பினத்தவர் பற்றிய புத்தகத்தில் சொல்கிறார். மரக்கானா ஸ்டேடியத்துக்கு அதிகாரபூர்வமாக வைக்கப்பட்டிருப்பது இவருடைய பெயர்தான். அவர் நல்ல கதைசொல்லி, சில விவரங்களைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் சிலர் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் அடுத்து நடந்ததற்குக் காகித ஆதாரமே இருக்கிறது.

பன்னிரண்டு பேர்

1924 மார்ச்சில் ஃபிளமெங்கோ, ஃபுளுமினென்சே, பொட்டாஃபோகோ, அமெரிக்கா, பாங்கு ஆகிய கிளப்புகள் சேர்ந்து 'ஆமேயா' என்ற புது லீக்கைத் தொடங்கின. நிறுவிய கிளப்புகளுக்குத் தனிச் சலுகைகள். வாஸ்கோவும் வரலாம், ஆனால் ஒரு நிபந்தனை: தன் ஆட்டக்காரர்களில் 12 பேரை நீக்க வேண்டும். அவர்களுடைய சமூக நிலை சரியில்லையாம். வாஸ்கோவுக்குச் சரியான ஸ்டேடியம் இல்லை என்பது இன்னொரு குறை.

பட்டியலைக் கவனிச்சீங்களா? பாங்கு! மில் தொழிலாளர்களின் கிளப். 1907இல் தடையை எதிர்த்து வெளியேறிய அதே பாங்கு. இந்த முறை உள்ளே. எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான இடம் இதுதான். ஏழைகள் ஆடுவது மட்டுமே பிரச்சினை என்றால் பாங்குவையும் வெளியே நிறுத்தியிருக்க வேண்டும். பாங்கு அதுவரை பட்டம் வென்றதில்லை. வாஸ்கோ வென்றுவிட்டது. கீழே இருந்து வருகிறவன் தோற்றுக்கொண்டே இருக்கும்வரை அவனைச் சேர்த்துக்கொள்வதில் யாருக்கும் சங்கடமில்லை.

1924 ஏப்ரல் 7 அன்று வாஸ்கோ தலைவர் ஜோசே அவ்குஸ்தோ பிரெஸ்தெஸ், ஆமேயாவின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சின்னக் கடிதம்தான். அந்த 12 பேரும் இளைஞர்கள், ஏறக்குறைய எல்லாருமே பிரேசில்காரர்கள், இப்போதுதான் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். அவர்களைப் பொதுவில் அவமானப்படுத்தும் காரியத்தை அவர்களுக்குத் தலைமை தாங்குகிறவர்கள் செய்ய மாட்டார்கள். எனவே நாங்கள் உங்கள் லீக்கில் சேரவில்லை. இதுதான் சாரம். அதிலும் 'கறுப்பர்' என்ற சொல் இல்லை. விதியும் சொல்லவில்லை, பதிலும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு தரப்புக்கும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியும். பிரேசிலில் இன்று இந்தக் கடிதத்தை 'வரலாற்றுப் பதில்' என்கிறார்கள்.

வாஸ்கோ பழைய லீக்கிலேயே தங்கியது. பெரிய அணிகள் இல்லாத அந்த லீக்கில் 1924 பட்டத்தைத் தோல்வியே இல்லாமல் வென்றது. ஆனால் வாஸ்கோ இல்லாத சாம்பியன்ஷிப்பும் முழுமையாக இல்லை. அடுத்த வருஷமே, 1925இல், ஆமேயா வாஸ்கோவைச் சேர்த்துக்கொண்டது.

ஸ்டேடியம் இல்லை என்றீர்களே? உறுப்பினர்களும் ரசிகர்களும் பணம் போட்டுக் கட்டினார்கள். 1927 ஏப்ரல் 21 அன்று சாவ் ஜனுவாரியோ திறக்கப்பட்டது. அப்போது பிரேசிலிலேயே அதுதான் பெரியது. திறப்பு விழா ஆட்டத்தில் சாண்டோஸிடம் 5க்கு 3 என்று தோற்றார்கள், அது வேற விஷயம்! அதே ஸ்டேடியத்தில்தான் 1940 மே தினத்தன்று ஜனாதிபதி வர்காஸ் குறைந்தபட்சக் கூலியை அறிவித்தார்.

கதவு

1933இல் ரியோவில் தொழில்முறைக் கால்பந்து வந்தது. சம்பளத்தை வெளிப்படையாகவே கொடுக்கலாம். நாயும் வேண்டாம், முயலும் வேண்டாம். அந்த முதல் தொழில்முறைப் பட்டத்தை யார் வென்றார்கள் தெரியுமா? பாங்கு.

வாஸ்கோவை மட்டும் ஹீரோ ஆக்குவது சுலபம். அந்தக் கிளப்புக்கு ஜெயிக்கிற ஆசையும் இருந்தது, கடை முதலாளிகளின் பணமும் இருந்தது. நல்ல ஆட்டக்காரர்களை இழக்க விரும்பாததும் ஒரு காரணம்தான். ஆனால் அந்த 12 பேரை நீக்கிவிட்டுப் பெரிய கிளப்புகளோடு உட்காருவதுதான் அன்றைக்குச் சுலபமான வழி. அதை அவர்கள் எடுக்கவில்லை.

இன்றும் ரியோவின் மாநில லீக்குக்குக் கீழே பல அடுக்குகள் இருக்கின்றன. பல சின்னக் கிளப்புகளுக்கு வருஷத்தில் சில மாதங்கள்தான் ஆட்டம், மீதி நாள் ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்க்கிறார்கள். அந்த இரண்டாம் டிவிஷனில் அண்மைக் காலமாக ஆடிவரும் ஒரு கிளப், அமெரிக்கா. ஆமேயாவைத் தொடங்கிய அதே அமெரிக்கா. கடைசியாக அது ரியோ பட்டம் வென்றது 1960இல். 2024இல் அதன் தலைவரான உலகக் கோப்பை நாயகன் ரொமாரியோ, 58 வயதில் தன்னையே ஆட்டக்காரராகவும் பதிவு செய்துகொண்டபோதுதான் உலகம் அந்த டிவிஷனைத் திரும்பிப் பார்த்தது.

அமெரிக்கா மேலே வர வேண்டுமென்றால் ஒரே வழிதான்: ஜெயிக்க வேண்டும். என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். 1922இல் வாஸ்கோ நம்பிய அதே வாக்குறுதி, அதை அன்றைக்கு மீறியவர்களுக்கும் சேர்த்தே காப்பாற்றப்படுகிறது.

நீங்க படிக்கிற இடத்துல, வேலை பார்க்கிற இடத்துல, யார் பேரையும் சொல்லாம யாரையோ வெளியே நிறுத்துற விதி ஏதாவது இருக்கா? யோசிச்சு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.