ஜூலின் கம்பிச் சுருளும் தருமபுரி மாம்பழக் கூழும்

சுடச்சுட கேழ்வரகுக் களி தட்டுல விழுந்ததும், தருமபுரிப் பக்கம் வீட்டுப் பெரியவங்க சொல்ற முதல் வார்த்தை: ‘ஓரமா எடுத்துச் சாப்பிடு.’ ஓரம் ஆறியிருக்கும். நடுவுல கை வெச்சா கொப்புளம்தான். இன்னைக்குப் பேசப்போறது குழாய்க்குள்ள மாட்டிக்கிட்ட களியைப் பத்தி.

2004 வரைக்கும் கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துக்குள்ளதான் இருந்தது. பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி டிரம்மில் அடைச்சு அனுப்பும் ஆலைகள் அந்தப் பக்கம் பிரபலம். கிருமி சாக கூழை 90 டிகிரிக்கு மேல சூடாக்கணும். அப்புறம் சீக்கிரம் ஆற வைக்கணும். லேட் ஆனா நிறமும் மணமும் போயிடும். குழாய்க்குள்ள கூழ், வெளியே குளிர்ந்த தண்ணி. இங்கேதான் களிப் பிரச்சினை. கூழ் கெட்டி, சோம்பேறியா நகரும். சுவரை ஒட்டின அடுக்கு ஆறி இன்னும் கெட்டியாகும். போர்வை போர்த்தின மாதிரி. நடுவுல இருக்கிற கூழ் சூடாவே வெளியே வந்துடும்.

இதே தலைவலி 1861-லயும் இருந்தது. ஆள் ஜேம்ஸ் ஜூல். ஆமாங்க, ஆற்றலோட அலகுக்குப் பேர் கொடுத்தவரேதான். மான்செஸ்டரை ஒட்டின சால்ஃபோர்டில் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. நீராவியைத் தண்ணீரால் குளிர வைக்கும் குழாய்களை ஆராய்ந்தபோது, தண்ணீர் ஓடும் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருளை வைத்தார். நேரா ஓட முடியாத தண்ணி சுழன்று சுழன்று போச்சு. அளந்து பார்த்தார்: வெப்பம் கூடுதலா கடந்திருந்தது. இந்தத் துறையில் பதிவான ஆரம்பகாலச் சோதனைகளில் இது ஒன்று.

ஓடும் தண்ணிக்குள்ள என்ன நடக்குதுன்னு கண்ணுக்குக் காட்டினவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். அதே மான்செஸ்டர், 1883. கண்ணாடிக் குழாய்க்குள்ள சாயம் விட்டார். மெதுவா ஓடினா சாயம் நூல் பிடிச்ச மாதிரி நேரா போகும். ஒரு வேகத்தைத் தாண்டினா கலைஞ்சு எல்லாப் பக்கமும் கலக்கும். (ஜூலோட வாழ்க்கை வரலாற்றை எழுதினவரும் இவர்தான்.) கம்பிச் சுருள், சுவரை ஒட்டின அடுக்கை அங்கங்கே இடறிவிட்டு அந்தக் கலக்கலை உண்டாக்குது. நம்ம வீட்டுல கரண்டி செய்யற வேலை.

அப்போ ஏன் எல்லாக் குழாயிலும் சுருள் இல்ல? பம்ப்தான் காரணம். தடங்கல் கூடக் கூட தள்ளும் விசையும் கூடணும், கரண்ட் பில் ஏறும். ஏற்கெனவே கலங்கி ஓடும் தண்ணிக்கு இது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. கெட்டியான திரவங்களுக்குத்தான் லாபம் அதிகம்.

ஆனா மாம்பழத்துல நார் இருக்கே! கம்பியில் சிக்கினா கழுவறது பெரும்பாடு, கிருமிக்கும் கொண்டாட்டம். அதனால உணவு ஆலைகளுக்கான குழாய்களில் சுவரையே சுருள் சுருளா நெளிச்சு விடுறாங்க. கம்பி காணாமல் போச்சு, அதோட வடிவம் மட்டும் குழாயில் தங்கிடுச்சு. எண்ணெய் ஓடும் குழாய்களில் நிஜக் கம்பிக்கு இன்னும் மவுசு உண்டு. பழைய குழாயை மாத்த வேண்டாம், உள்ளே செருகினா போதும்.