செம்பனையும் புகைமூட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

1997ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சரவாக்கில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐக் கடந்திருந்தது. 300ஐத் தாண்டினாலே அது அபாயநிலை எனக் கொள்ளப்படும். கலிமந்தானில் மூண்ட தீயே இதற்குக் காரணம். எல் நினோ வறட்சி அத்தீயை வளர்த்தது உண்மையே. ஆயினும், ஈரச் சதுப்பு நிலம் எரியத்தக்கதாய் மாறியது எவ்வாறு என வினவுங்கால், வணிக வரலாற்றையும் நாம் நோக்க வேண்டியுள்ளது.

மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செம்பனை, 1848இல் நான்கு கன்றுகளாகச் சாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவை வந்தடைந்தது. மலாயாவில் 1917இல், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வணிக நோக்கில் நடப்பட்டது. (தோட்டத்தின் பெயரே அங்கு உழைத்தோர் யாவர் என்பதை நமக்கு உணர்த்துகின்றது.) 1960களில் இரப்பர் விலை சரிந்தபோது செம்பனை பெருகியது, பால்மரம் வெட்டிய நம்மவர் பலர் குலை அறுக்கலாயினர். பின்னர், மலேசிய, சிங்கப்பூர் முதலீடு சுமத்திராவிற்கும் கலிமந்தானுக்கும் பரவியது.

அங்கு எஞ்சியிருந்த நிலத்தில் ஒரு பகுதி, மட்காத தாவரங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த கரிச்சதுப்பாகும். கால்வாய் வெட்டி நீரை வடித்தால்தான் அதில் பயிரிட இயலும். நீர் வடிந்ததும் சேமிக்கப்பட்ட கரிமம் காற்றோடு கலந்து கரியமில வாயுவாகின்றது. தீப்பற்றினால் நிலத்தடியில் வாரக்கணக்கில் புகைகின்றது. 1997இல் இந்தோனேசியாவில் இவ்வாறு வெளியேறிய கரிமம் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை என 2002இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. எனினும், மத்திய கலிமந்தானில் எரிந்த சதுப்பில் பெரும்பரப்பு உள்நாட்டு நெல் திட்டத்திற்காக வடிக்கப்பட்டதாகும். எல்லாப் புகையையும் ஏற்றுமதியின் மீது சுமத்துதல் முறையன்று.

அதே ஆண்டு டிசம்பரில் கியோத்தோ நெறிமுறை ஏற்கப்பட்டது. வாயு எந்நாட்டில் வெளியேறுகின்றதோ அந்நாட்டின் கணக்கிலேயே அது சேரும். விளைபொருளை நுகரும் நாட்டின் கணக்கில் சேராது. இவ்விதியின் விளைவு 2003க்குப் பின்னரே புலனாயிற்று. அவ்வாண்டு ஐரோப்பிய ஒன்றியம் தாவர எரிபொருளை ஊக்குவித்தது. அங்கு வாகனங்களில் எரிந்த செம்பனை எண்ணெய், போக்குவரத்துக் கணக்கில் கரிமமற்றதாகவே பதிவாயிற்று. வடிந்த சதுப்பின் கரிமமோ விளைவித்த நாட்டின் தலையில் விழுந்தது. பின்னர் 2018இல் அதே ஒன்றியம், பெருமளவு காடழிவுக்குக் காரணமாகும் பயிர்களின் எரிபொருளை 2030க்குள் விலக்க முடிவு செய்தது. மறு ஆண்டு செம்பனை அவ்வகையில் சேர்க்கப்படவே, 2021இல் மலேசியா உலக வணிக அமைப்பில் முறையிட்டது.

சிங்கப்பூர் 2014இல் இயற்றிய சட்டம் வேறு வழியை நாடியது. தீ அயல்நாட்டில் மூண்டதாயினும், புகை சிங்கப்பூரைச் சூழுமாயின், அதற்குக் காரணமான நிறுவனம் அங்குப் பொறுப்பேற்க வேண்டும்.